மஞ்சள் கேள்விக்குறியும் பச்சை டிக்கும்

போன ஜூனில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் பாபநாசம். கமல் படத்தில் வருகிற பாபநாசம் இல்லை. அது திருநெல்வேலிப் பக்கம், அணை இருக்கிற ஊர். இது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், குடமுருட்டி ஓடுகிற, பாபநாசம் சிவன் பேரில் ஒட்டிக்கொண்டிருக்கிற பாபநாசம்.

போய் இறங்கிய அன்றே அக்கா மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாமா, இதுல கேள்விக்குறி இருக்காம். செல்லாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க." முதல் பட்டதாரி சான்று. இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கிய பிடிஎஃப், கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தது. கையெழுத்து இருக்கவேண்டிய மூலையில், பெயர், தேதி, நேரம் எல்லாவற்றுக்கும் மேலே பெரிய கேள்விக்குறி ஒன்று உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே 'சிக்னேச்சர் நாட் வெரிஃபைட்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவரைக் குறை சொல்லமுடியாது. சரிபார்க்கப்படவில்லை என்று தாளே சொல்கிறது, அவர் எப்படி வாங்கி வைப்பார்? ஆனால் அந்தத் தாள் போகாவிட்டால் கட்டணச் சலுகை போகும். அத்தானுக்கு இருப்பது ஒன்றேகால் ஏக்கர். சலுகை போனால் என்ன ஆகும் என்பதை அக்கா வாயால் சொல்லவில்லை, முகத்திலேயே இருந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கார அண்ணன் தாளைப் பார்த்தவுடனேயே சிரித்துவிட்டார். "இது ஒண்ணுமில்ல தம்பி. ஃபைலக் குடுங்க, டிக் போட்டுத் தரேன். பத்து ரூபா." வாட்ஸ்அப்பில் ஃபைல் போனது. கேள்விக்குறி மேல் ரைட் கிளிக், அப்புறம் ஐந்தாறு கிளிக். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கேள்விக்குறி மறைந்து அங்கே பச்சை டிக் வந்தது. கலர் பிரிண்ட். மறுநாள் அதே அலுவலகத்தில் அதே ஆள் வாங்கிக்கொண்டாராம்.

வேலை முடிந்தது, சந்தோஷப்படவேண்டியதுதான். ஆனால் பத்து வருஷமாகச் சாவி, கையொப்பம், சான்றிதழ் என்று இதே பிழைப்பில் இருக்கிற எனக்கு அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை. அந்தக் கடையில் நடந்தது சரிபார்ப்பே இல்லை. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். வருமானச் சான்றிதழும் சான்றிதழ்தான், கையொப்பத்துக்குள் இருக்கிற டிஜிட்டல் சான்றிதழும் சான்றிதழ்தான். இந்தக் குறிப்பில் தாசில்தார் அலுவலகம் தருவதை 'சான்று' என்கிறேன். கையொப்பம் யாருடையது என்று சொல்லும் மின்கோப்பை 'சான்றிதழ்' என்கிறேன்.

கையொப்பம் போடும் அதிகாரியிடம் இரண்டு சாவி உண்டு. ஒன்று தனிச்சாவி, அவருடைய யுஎஸ்பி டோக்கனுக்குள் பூட்டியிருக்கும், வெளியே எடுக்கமுடியாது. இன்னொன்று பொதுச்சாவி, யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பிடிஎஃபின் பைட்டுகளை எல்லாம் அரைத்து ஒரு சின்ன எண்ணாக்கி (அதுதான் ஹாஷ்), அந்த எண்ணைத் தனிச்சாவியால் முத்திரையிடுகிறார்கள். ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் ஹாஷ் மாறும், பொதுச்சாவியை வைத்துப் பார்க்கும்போது பொய் வெளுத்துவிடும். இது கணக்கு. இங்கே கேள்விக்குறிக்கு இடமே இல்லை.

கேள்விக்குறி வருவது அடுத்த படியில். இந்தப் பொதுச்சாவி அந்த அதிகாரியுடையதுதான் என்று யார் சொன்னது? அதற்காகத்தான் சான்றிதழ். இந்த யோசனையே 1978-ல் எம்ஐடியில் லோரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர் இளநிலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில்தான் முதலில் வந்தது. 'இன்ன பெயர்க்காரருக்கு இன்ன சாவி' என்று எழுதி இன்னொருவர் கையொப்பமிடுவது. அந்த இன்னொருவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர். நம் நாட்டில் 2000-த்தின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இந்தச் சங்கிலியின் உச்சியில் இருப்பவர் சான்றளிப்பு ஆணையங்களின் கட்டுப்பாட்டாளர், சுருக்கமாக சிசிஏ. அவருடைய மூலச் சான்றிதழ் நம் கணினியில் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தால் டிக். இல்லாவிட்டால் அடோபி ரீடர், 'ஃபைல் மாறவில்லை, ஆனால் போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது' என்று கைவிரிக்கும். மஞ்சள் கேள்விக்குறிக்கு அவ்வளவுதான் பொருள். தெரியாது என்கிறதே தவிர, போலி என்று சொல்லவில்லை. நேர்மையான பதில்.

கடைக்கார அண்ணன் செய்தது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை. இ-ஆதார் பிடிஎஃபுக்காக ஆதார் ஆணையமே பல வருஷம் வெளியிட்டு வைத்திருந்த வழிமுறைதான் அது. நாடு முழுக்க எல்லாக் கடைகளும் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டன. ஒரு கவிதையை வரிவரியாகப் படிப்பதுபோல அந்த வழிமுறையைப் படிக்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கேள்விக்குறி மேல் ரைட் கிளிக் செய். கையொப்பத்தின் விவரத்தைத் திற. சான்றிதழைக் காட்டச் சொல். சங்கிலியில் 'என்ஐசி சப்-சிஏ ஃபார் என்ஐசி 2011' என்ற பெயர் இருக்கிறதா பார். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, டிரஸ்ட் பக்கத்துக்குப் போய், நம்பத்தக்கவர் பட்டியலில் சேர். பாதுகாப்புக் கேள்வி ஏதாவது வந்தால் ஓகே கொடு. மூலச் சான்றிதழாக நம்பு என்ற கட்டத்தில் டிக் போடு. மூடு. திரும்ப சரிபார். பச்சை.

இதில் எந்தப் படியில் சரிபார்ப்பு நடந்தது? எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றில்தான்: பெயரைப் படித்துப் பார்க்கும் படி. அந்தப் பெயர் எங்கே எழுதியிருக்கிறது? அந்த ஃபைலுக்குள்ளேயே. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க, மாப்பிள்ளை கொடுத்த நம்பருக்கே போன் போட்டு, 'அவரா, தங்கமான பையன்' என்று பதில் வாங்கிக்கொண்டு திரும்புவது மாதிரி. சான்றிதழில் பெயர் என்பது வெறும் எழுத்து, யாரும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். பெயருக்கும் சாவிக்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்வதற்குத்தான் சங்கிலியே இருக்கிறது, நாமோ சங்கிலியின் நடுக்கண்ணியைப் பிடித்து 'இதுதான் உச்சி' என்று அறிவித்துவிடுகிறோம்.

அந்தப் 'பாதுகாப்புக் கேள்வி' இன்னும் வேடிக்கை. அடோபி ரீடர் அந்த இடத்தில் என்ன கேட்கிறது தெரியுமா? ஒரு ஆவணத்துக்குள் இருக்கும் சான்றிதழை நேரடியாக அந்த ஆவணத்திலிருந்தே எடுத்து நம்புவது பொதுவாகப் புத்திசாலித்தனம் இல்லை, நிச்சயமாகச் செய்யப்போகிறீர்களா என்று கேட்கிறது. மென்பொருள் எச்சரிக்கைகளில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டவை குறைவு. அந்த ஒரு வாக்கியத்தைத்தான், எந்தக் கேள்வி வந்தாலும் ஓகே கொடு என்று வழிமுறை தாண்டவைக்கிறது.

சும்மா வாயால் சொன்னால் போதாது என்று அன்றிரவு அக்கா வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்து ஒரு சோதனை செய்தேன். ஓபன்எஸ்எஸ்எல் வைத்து ஒரு மூலச் சான்றிதழ் தயாரித்தேன். பெயர்: 'குடமுருட்டி ஆற்று மூலச் சான்றிதழ்'. அதன் கீழே ஒரு அதிகாரியை உண்டாக்கி, கும்பகோணம் டிகிரி காபி இன்று முதல் இலவசம் என்று ஒரு ஆணையை பிடிஎஃபாக்கி அவர் கையால் கையொப்பமிட்டேன். ரீடரில் திறந்தால் மஞ்சள் கேள்விக்குறி, சரியாகவே. அதே ரைட் கிளிக், அதே படிகள், அதே ஓகே. பச்சை டிக். ஆணைக்கும் அக்கா மகளின் சான்றுக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மறுநாள் காலை கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் இத்தன வருசமா என்ன தம்பி செஞ்சுக்கிட்டு இருந்தேன்?" என்றார். பிறகு அந்த ஃபைலையும் சாவியையும் அழித்துவிட்டேன். காபி பழைய விலைதான்.

இதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, இது கொஞ்சம் ஆழமானது. நடுக்கண்ணியை உச்சியாக அறிவித்துவிட்டால், அதற்கு மேலே இருப்பவர் பேச்சு நம் கணினிக்குக் கேட்காது. மேலே இருப்பவர் அந்தக் கண்ணியையே ரத்து செய்தாலும் நம் ரீடர் பச்சைதான் காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் உச்சியில் இருப்பவரை ரத்துப் பட்டியலில் தேடும் வழக்கம் இல்லை. இப்படி எல்லாம் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 2014 ஜூலை 2 அன்று கூகுள் தன் டொமைன்களின் பெயரில் தான் கேட்காத சான்றிதழ்கள் உலவுவதைக் கண்டுபிடித்தது. கொடுத்தது என்ஐசி, அதாவது தேசியத் தகவலியல் மையம். மறுநாளே, ஜூலை 3 அன்று, என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. என்ஐசி சான்றிதழ் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், தவறாகப் போனவை மொத்தம் நான்கு, மூன்று கூகுளுக்கு, ஒன்று யாகூவுக்கு என்று சிசிஏ விளக்கம் தந்தது. அந்த நான்கில் இல்லாத வேறு சிலவும் எங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன, ஆகவே சேதம் எவ்வளவு என்றே தெரியவில்லை என்று கூகுள் பதில் எழுதியது. கடைசியில் குரோம் உலாவியில் இந்தியாவின் மூலச் சான்றிதழ் செல்லும் எல்லையை ஏழே டொமைன்களுக்குச் சுருக்கிவிட்டார்கள்: ஜிஓவி.இன், என்ஐசி.இன், ஏசி.இன், ரிசர்வ் வங்கி, இன்னும் மூன்று. ஃபயர்ஃபாக்ஸ் பாதிக்கப்படவில்லை, அதன் சொந்தப் பட்டியலில் நம் மூலச் சான்றிதழ் இல்லவே இல்லை.

நான் என்ஐசியை மட்டம் தட்டுவதற்கு இதைச் சொல்லவில்லை. சான்றளிக்கும் நிறுவனங்கள் உடைவது உலகம் முழுக்க நடக்கிறது. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற நிறுவனம் 2011-ல் இதே போன்ற ஊடுருவலில் திவாலே ஆகிவிட்டது. உடைந்தால் மேலிருந்து ரத்து செய்யலாம் என்ற ஏற்பாடுதான் இந்த முழு அமைப்புக்கும் காப்பு. கடைகளில் நடக்கும் அந்த ஐந்தாறு கிளிக் துண்டிப்பது சரியாக அந்த நரம்பைத்தான்.

இனி தாளுக்கு வருவோம். கேள்விக்குறி ஏன் பிரிண்டில் வந்தது? பழைய அக்ரோபேட் காலத்தில் கையொப்பப் பெட்டிக்குள்ளேயே கேள்விக்குறி, டிக், சிவப்புப் பெருக்கல் குறி ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து, நிலைமைக்கு ஏற்றதைக் காட்டும் ஏற்பாடு இருந்தது. 2003-ல் வந்த அக்ரோபேட் 6-லிருந்து அடோபி அந்த அடுக்குகளை வேண்டாம் என்று விட்டுவிட்டது. காரணம் எளிமையானது: பக்கத்துக்குள் இருக்கிற படத்தை யாரும் வரைந்துவிடலாம். சரிபார்ப்பின் முடிவு பக்கத்துக்கு வெளியே, மென்பொருளின் சொந்தப் பட்டையில் தெரிந்தால்தான் மதிப்பு. ஆனாலும் நம் நாட்டு நிரல்களில் அந்தப் பழைய அடுக்கு இன்னமும் வாழ்கிறது. ஐடெக்ஸ்ட் என்ற நிரலகத்தில் அதை மீண்டும் கொண்டுவர ஒரே ஒரு வரி போதும், 'செட் அக்ரோ சிக்ஸ் லேயர்ஸ்' என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தால் ஆயிற்று. டிக் தெரியவேண்டும் என்று யாரோ ஒரு மேலதிகாரி கேட்டிருப்பார், யாரோ ஒரு நிரலாளர் அந்த வரியைப் போட்டிருப்பார். விளைவு, திரையில் மட்டும் பொருள் உள்ள ஒரு குறி தாளில் ஏறிவிட்டது.

தாளில் ஏறிய டிக் எதைச் சொல்கிறது? பாபநாசத்தில் ஒரு கடையில் ஒரு கணினி ஒரு நாள் இதை நம்பியது என்பதைத்தான். கேள்விக்குறி உள்ள தாளுக்கும் டிக் உள்ள தாளுக்கும் ஆதாரம் என்ற வகையில் வித்தியாசம் பூஜ்யம். பெயின்ட்டில் வரைந்தாலும் அதே டிக்தான். கையொப்பம் ஃபைலின் பைட்டுகளில் இருக்கிறது, மையில் இல்லை. மையை விடுங்கள், திரையைக்கூட அப்படியே நம்பிவிடமுடியாது. ஜெர்மனியில் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் 22 பிடிஎஃப் மென்பொருள்களைச் சோதித்து, அவற்றில் 21-ஐ, ஃபைலை மாற்றிய பிறகும் கையொப்பம் சரி என்று சொல்லவைத்துக் காட்டினார்கள். ஓட்டைகளை அடைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அப்டேட் போடாத கடைக் கணினிகளில் என்ன நிலைமை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் அண்ணன் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலுக்குக் கூட்டம் இல்லை. அவருடைய ரீடரின் நம்பிக்கைப் பட்டியலைத் திறந்தால் பெரிய கூட்டம் உள்ளே நிற்கிறது. மூலச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒவ்வொரு அதிகாரியின் தனிப்பட்ட சான்றிதழையும் அவசரத்தில் சேர்த்துவைத்திருக்கிறார். பாதிக்கு மேல் காலாவதி. "தாசில்தார் மாறுனா மறுபடி கேள்விக்குறி வருது தம்பி, ஏன்னே புரியல" என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த புதிருக்கு இதுதான் விடை. இலையை நம்பினால் இலை உதிரும்போது திரும்ப ஆரம்பிக்கவேண்டியதுதான்.

இரண்டாவது கணினியில் வேறு கதை. அதில் சில சான்றுகளுக்கு, சான்றிதழ் 'இன்னும் செல்லத் தொடங்கவில்லை' என்று வருகிறது. மணியைப் பார்த்தேன், தேதி 2 வருஷம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் இருக்கிற வட்ட பேட்டரி செத்துப்போய், கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பின்னால் ஓடுகிறது. சான்றிதழ் பிறப்பதற்கு முந்தைய காலத்தில் நின்றுகொண்டு அந்தக் கணினி தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. கடைத்தெருவில் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டதும் தீர்ந்தது. பத்து வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், கையொப்பப் பிரச்சினை என்று வருகிறவற்றில் கணக்கு தப்பானது நான் பார்த்தவரை ஒன்றுகூட இல்லை. கடிகாரம், காணாமல்போன நடுக்கண்ணி, இணைய இணைப்பு இல்லாததால் ரத்துப் பட்டியலைப் பார்க்கமுடியாமை, டோக்கனுக்கு டிரைவர் இல்லாமை, இவைதான்.

இன்னொன்றும் அங்கே கண்ணால் பார்த்தேன். ஒருவர் சான்றை போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார். இன்னொருவர் ஃபைல் பெரிதாக இருக்கிறது, அப்லோட் ஆகவில்லை என்று சுருக்கித் தரச் சொல்கிறார். அண்ணன் 'பிரிண்ட் டு பிடிஎஃப்' போட்டுச் சுருக்கித் தருகிறார். இரண்டிலும் கையொப்பம் செத்துவிட்டது, டிக்கின் படம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பிணத்துக்குப் பொட்டு வைத்த மாதிரி. வாட்ஸ்அப்பில் ஃபைலாகவே, டாக்குமென்ட்டாக அனுப்பினால் பைட்டுகள் மாறாது, கையொப்பம் உயிரோடு போய்ச் சேரும். இந்த ஒரு வரியை ஒவ்வொரு மையத்திலும் எழுதி ஒட்டியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் புதுசு என்று சொல்லமாட்டேன். சோழர் செப்பேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்து விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த, இன்று லைடன் செப்பேடு என்று நாம் சொல்கிற பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள். எல்லாவற்றிலும் துளையிட்டு ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் முனையை முத்திரைக்குள் இறுக்கிவிடுவார்கள். சோழ முத்திரை என்றால் புலி, இரட்டைக் கயல், வில். வளையத்தை வெட்டாமல் ஒரு ஏட்டைச் செருகவோ உருவவோ முடியாது. அதனால்தான் கல்வெட்டு அறிஞர்கள் ஒரு செப்பேட்டைப் பதிப்பிக்கும்போது வளையம் தங்கள் கைக்கு வருமுன்பே வெட்டப்பட்டிருந்ததா இல்லையா என்பதை மறக்காமல் குறித்துவைப்பார்கள். வளையம் செய்வது ஹாஷின் வேலை. முத்திரை செய்வது கையொப்பத்தின் வேலை.

ஆனால் அந்த முத்திரை சோழனுடையதுதான் என்று எப்படித் தெரியும்? அந்தச் செப்பேட்டைப் பார்த்து இல்லை. மற்ற செப்பேடுகள், காசுகள், கோயில் சுவர்கள், எழுத்தின் வடிவம், நாள்கோள் கணக்கு என்று வெளியே இருந்துதான். போலிச் செப்பேடுகள் நிறையவே உண்டு, ஃப்ளீட் 1901-ல் ஒரு நீளப் பட்டியலே வெளியிட்டார். அவை மாட்டிக்கொண்டதும் இப்படி வெளியே இருந்து பார்த்ததால்தான். 'ஏட்டிலேயே ராஜாவின் பெயர் எழுதியிருக்கிறதே, ஓகே' என்று எந்த அறிஞரும் டிக் போடவில்லை.

சரி, இவ்வளவு தொல்லை எதற்கு, கையொப்பத்தையே விட்டுவிட்டு குறிப்பு எண்ணோ க்யூஆரோ போட்டு இணையத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு பதில் உண்டு. நண்பர்கள் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். சிட்டா அப்படித்தான் வருகிறது, அடியில் ஒரு குறிப்பு எண், அரசின் இ-சேவைத் தளத்தில் போட்டு உறுதிசெய்துகொள்ளலாம். கொள்முதல் நிலையத்தில் நெல் போட, பயிர்க் காப்பீட்டுக்கு, வங்கிக் கடனுக்கு என்று சிட்டாவும் அடங்கலும் இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு போகம் நகராது. அங்கே இந்த முறை நன்றாகவே ஓடுகிறது. க்யூஆர் வெறும் இணைய முகவரியாக இருந்தால் போலித் தளத்துக்கும் கூட்டிப் போகலாம் என்ற ஆபத்தைக் கவனித்துக்கொண்டால் சரி. கடை டிக்கைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் நான் முழுசாக ஒத்துக்கொள்ளமாட்டேன். குறிப்பு எண் முறையில் சாட்சி சொல்வது யார்? பதிவேட்டை வைத்திருப்பவர். நேற்று பதிவேட்டில் என்ன இருந்தது என்று இன்று கேட்டால் அவர் சொல்வதுதான். சோழர் காலத்திலும் வரிப்பொத்தகம் அரசிடம்தான் இருந்தது, செப்பேடு பெற்றவர் கையில் இருந்தது. இரண்டும் வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. 1979-லிருந்து 1987 வரை நடந்த யுடிஆர் நில உடைமைப் பதிவில் பேர் மாறிப்போன, அளவு குறைந்துபோன பட்டாக்களைத் திருத்த இன்னும் மனுவோடு நடந்துகொண்டிருக்கிற விவசாயிகள் டெல்டாவில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பதிவேடு மட்டுமே சாட்சியாக இருந்தால் என்ன கஷ்டம் என்று. அதிகாரி கையொப்பமிட்டுக் கொடுத்த ஃபைல் என்பது, கொடுத்தவரே நாளைக்கு மறுத்தாலும் அவருக்கு எதிராக நிற்கக்கூடியது. தளம் படுத்தாலும், பதிவேடு மாறினாலும், நம் பென் டிரைவில் இருக்கிற பைட்டுகள் பேசும். அது சாதாரண மனிதனுக்குக் கிடைத்த ஒரு சலுகை. சரிபார்க்கத் தெரியாமல் அதை மூலையில் ஒரு படமாக ஆக்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

ஆதாரில் 2018-லிருந்து வருகிற க்யூஆர் இதற்கு நல்ல உதாரணம் (ஒரு இடத்தில் திட்டியதால் இன்னொரு இடத்தில் பாராட்டக்கூடாது என்றில்லை). விவரமும் படமும் கையொப்பத்தோடு க்யூஆருக்குள்ளேயே இருக்கின்றன. சரிபார்க்கும் பொதுச்சாவி தாளில் இல்லை, ஆணையத்தின் செயலியில் இருக்கிறது. பிரிண்ட் எடுத்தாலும் கையொப்பம் சாகாது. இணையமும் தேவையில்லை. ஒரு தாசில்தார் சான்றுக்கும் இதையே செய்யமுடியாதா என்ன?

கையொப்பத்தால் முடியாததையும் சொல்லிவிடவேண்டும். இன்னார் சாவி போட்டது, அதன்பின் மாறவில்லை, இவ்வளவுதான் அது சொல்லும். எழுதியிருப்பது உண்மையா என்று சொல்லாது. இங்கே படத்துப் பாபநாசத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதில் சுயம்புலிங்கம் காட்டுகிற பஸ் டிக்கெட் எல்லாம் அசல்தான், ஒன்றுகூட போலி இல்லை. கதைதான் வேறு. டோக்கன் அதிகாரியின் மேஜையில் இருந்ததா, பக்கத்து மேஜையில் பாஸ்வேர்டோடு இருந்ததா என்பதும் ஃபைலைப் பார்த்தால் தெரியாது. தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை என்று சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. பிரிவு சொல்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணன் கடையில் ஒரு வேலை செய்தோம். நம்பிக்கைப் பட்டியலில் அவர் சேர்த்த அத்தனையையும் நீக்கினோம். சிசிஏயின் தளத்திலிருந்து மூலச் சான்றிதழை இறக்கினேன். சென்னையில் இருக்கிற நண்பனை, அவன் கணினியில், அவன் இணைப்பில் தனியாக இறக்கச் சொன்னேன். பிறகு போனில் ஸ்பீக்கரைப் போட்டு, சான்றிதழின் கைரேகை எண்ணை, 40 எழுத்து, நான்கு நான்காக அவன் வாசிக்க, அண்ணன் திரையில் விரலை வைத்துக்கொண்டே "ஆமா... ஆமா..." என்று ஒப்பிட்டார். நடுவில் ஒரு பெண்மணி வந்து நாலு ஜெராக்ஸ் கேட்டார், "இரும்மா, சாவி பாக்குறோம்" என்று அவரை நிறுத்திவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நாற்பதும் ஒத்துப்போன பிறகுதான் சேர்த்தோம். அக்கா மகளின் ஃபைலைத் திரும்பத் திறந்தோம். யாரும் ரைட் கிளிக் செய்யாமலே பச்சை வந்தது.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். அதிகாரி மாறியிருக்கிறாராம், புதுக் கையொப்பத்துக்கும் கேள்விக்குறி வரவில்லையாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணு தம்பி. நேத்து ஒருத்தர் கொண்டாந்த ஃபைல்ல மட்டும் கேள்விக்குறி போகவே மாட்டேங்குது. அவரு டிக் போட்டுக் குடுங்கன்னு சண்டை போடுறாரு. நான் முடியாதுன்னுட்டேன். சரிதானே?"